நிலவில் ஆறு பாகைச் சரிவு

சந்திரயான்-3 திட்டத்தின் விக்ரம் தரையிறங்கு கலம் 2023 ஆகஸ்ட் 23 அன்று மாலை நிலவின் தென் அகலாங்கு 69 பாகையை ஒட்டிய மேட்டுநிலத்தில் இறங்கியபோது, அச்செய்தி விழுப்புரம் மாவட்டத்தில் தனிப்பட்ட பெருமிதத்துடன் வரவேற்கப்பட்டது. திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேல் விழுப்புரத்தில் ரயில்வே ஊழியர் ஒருவரின் மகனாக வளர்ந்தவர் என்பதும், அந்நகரத்து ரயில்வே பள்ளியில் பயின்று, பட்டயப் படிப்பையும் அங்கேயே முடித்து, பிற்காலத்தில் சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்றவர் என்பதும் அப்போது பரவலாகப் பேசப்பட்டன. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில் உள்ள வளவனூரின் பள்ளி மாணவர்களுக்கும் விண்வெளி ஆய்வு, பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் செய்து முடித்த பணியாகத் தோன்றத் தொடங்கியது அந்த நாள்களில்தான்.

ஆயினும் அந்த மாலையில் நடந்தது பொறியியலின் வெற்றி. அந்தப் பயணம் எதற்காக மேற்கொள்ளப்பட்டதோ அந்த அறிவியல், பல மாதங்கள் கழித்தே ஆய்விதழ்களில் வெளிவந்தது. கலம் இறங்கிய செய்தியை மனப்பாடமாகச் சொல்லும் மாணவர்களுள் பலர், அக்கலம் அங்கே எதைக் கண்டறிந்தது என்ற வினாவுக்கு விடை சொல்லத் தயங்குவர் என்றால், குறை அவர்களுடையதன்று. முதற் செய்திக்கு முழுப் பக்கம் ஒதுக்கும் ஊடகங்கள், முடிவுகளுக்குப் பெரும்பாலும் ஒரு பத்திக்கு மேல் ஒதுக்குவதில்லை. அறிவியலைப் பின்தொடர விரும்பும் மாணவருக்கு உண்மையான விருந்து அந்தச் சிறு பத்திக்குப் பின்னால்தான் இருக்கிறது என்பதற்குச் சந்திரயான்-3 தந்த இரண்டு அளவீடுகள் போதிய சான்றாகும்.

முதலாவது, மண்ணின் வேதிச் சேர்க்கை பற்றியது. 26 கிலோ எடையுள்ள பிரக்யான் உலாவி, ஏறத்தாழ நூறு மீட்டர் தொலைவு ஊர்ந்து, 23 இடங்களில் நின்று, ஆல்ஃபா துகள் எக்ஸ்-கதிர் நிறமாலைமானியால் மண்ணைச் சோதித்தது. இக்கருவியில் உள்ள கியூரியம்-244 என்னும் கதிரியக்கத் தனிமம் வெளியிடும் ஆல்ஃபா துகள்களும் எக்ஸ்-கதிர்களும் மண்ணிலுள்ள அணுக்களைத் தாக்குகின்றன. தாக்குண்ட ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலுடைய எக்ஸ்-கதிரைத் திருப்பி உமிழ்வதால், மண்ணை அள்ளி எடுக்காமலேயே அதில் என்னென்ன, எவ்வளவு உள்ளன என்று கணக்கிட இயலுகிறது. (கந்தகம் இருப்பதை உறுதி செய்ததாக முதல் வாரத்திலேயே செய்தியில் வந்தது லேசர் கொண்டு மண்ணை ஆவியாக்கிப் பார்க்கும் மற்றொரு கருவி.) அகமதாபாத்தில் உள்ள இயற்பியல் ஆய்வகத்தின் சந்தோஷ் வடவாலே தலைமையிலான குழு 2024 ஆகஸ்ட் 21 அன்று நேச்சர் இதழில் வெளியிட்ட முடிவின்படி, அந்த 23 இடங்களிலும் மண் ஏறத்தாழ ஒரே தன்மையுடையதாகவும், பெரும்பாலும் அனார்த்தோசைட் என்னும் வெளிர்நிறப் பாறையின் துகள்களால் ஆனதாகவும் இருந்தது.

இதன் பொருள் விளங்க, அப்போலோ-11 கொண்டுவந்த மண்ணுக்குத் திரும்ப வேண்டும். அதிலிருந்த வெண்ணிறத் துணுக்குகளைக் கண்ட ஆய்வாளர்கள், பிறந்த காலத்தில் நிலவின் மேற்பகுதி முழுவதும் உருகிய பாறைக் குழம்பாலான கடலாக இருந்திருக்க வேண்டும் என்ற கருதுகோளை 1970இல் முன்வைத்தனர். குழம்பு ஆறியபோது இரும்பும் மக்னீசியமும் மிகுந்த கனமான தாதுக்கள் அடியில் தங்கின. கால்சியமும் அலுமினியமும் கொண்ட இலேசான ஃபெல்ட்ஸ்பார் தாதுக்கள் மேலே மிதந்து, அனார்த்தோசைட் மேலோடாக உறைந்தன. இக்கருதுகோளைத் தாங்கி நின்ற மாதிரிகள் நிலவின் நடுக்கோட்டையும் இடை அகலாங்குகளையும் சார்ந்தவை. தெற்கே உயர் அகலாங்கில் நின்று மண்ணை நேரடியாகச் சோதித்த கலம் அதற்கு முன் இல்லை. அங்கும் அதே பாறை கிடைத்தது, குழம்புக் கடல் நிலவு முழுவதையும் சூழ்ந்திருந்தது என்ற எண்ணத்துக்கு வலுவான ஆதாரமாயிற்று. எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்த மக்னீசியம், அருகிலுள்ள தென்துருவ-ஐட்கென் பெரும்படுகையைத் தோண்டிய பழங்கால மோதல் ஆழத்திலிருந்து வாரியிறைத்த பொருளாக இருக்கலாம் என்று அக்குழு விளக்கியது.

இந்தப் பாறை தமிழகத்துக்கு அயலானதுமன்று. தரையிறக்கத்தையும் உலாவியின் ஓட்டத்தையும் ஒத்திகை பார்க்க இஸ்ரோ தேடிய மண், நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளின் அனார்த்தோசைட்டைப் பொடித்துச் செய்யப்பட்டது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் நிலவியலாளர்கள் அப்பாறையை அடையாளங்காட்ட உதவினர். வளவனூர் மாணவர் நாமக்கல் வரை செல்லாமலே ஃபெல்ட்ஸ்பாரைக் காணலாம்: செஞ்சி மலைகளின் கிரானைட்டில் வெளிர்நிறமாகத் தெரியும் தாதுக்களுள் பெரும்பங்கு அக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

இரண்டாவது அளவீடு வெப்பநிலை பற்றியது. செய்திக்கும் அறிவியலுக்கும் இடையிலுள்ள தொலைவை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு அரிது. விக்ரமில் இருந்த, சுருக்கமாகச் சாஸ்டே எனப்படும் வெப்பவியல் கருவி, பத்து உணரிகள் பொருத்திய ஊசி போன்ற துழாவியைச் சுழற்றிச் சுழற்றி மண்ணுக்குள் பத்து சென்டிமீட்டர் வரை செலுத்துமாறு அமைக்கப்பட்டது. இது எளிய பணியன்று. செவ்வாயில் நாசாவின் இன்சைட் கலம் தரையில் புதைக்க முயன்ற வெப்ப அளவி, ஏறத்தாழ இரண்டு ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 2021இல் கைவிடப்பட்டது. கலம் இறங்கிய சில நாள்களில் இஸ்ரோ வெளியிட்ட வரைபடம், மேற்பரப்பில் ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸும் எட்டு சென்டிமீட்டர் ஆழத்தில் உறைநிலைக்குக் கீழே ஏறத்தாழ 10 டிகிரியும் இருப்பதாகக் காட்டியது. ஒரு சாண்கூட இல்லாத ஆழத்துக்குள் அறுபது டிகிரி வேறுபாடு ஏற்படக் காரணம், நிலவு மண்ணின் துகள்களுக்கிடையே வெப்பத்தைக் கடத்தக் காற்றுகூட இல்லை என்பதாகும். மரத்தூளில் புதைத்த ஐஸ் கட்டி வெயிலிலும் உருகாமல் கிடப்பதைப் போல, மேலே கொதித்தாலும் கீழே குளிர் காக்கப்படுகிறது.

செய்தி அத்துடன் முடிந்தது; ஆய்வு முடியவில்லை. 2025 மார்ச்சில் இயற்பியல் ஆய்வகத்தின் க. துர்கா பிரசாத்தும் உடனாய்வாளர்களும் கம்யூனிகேஷன்ஸ் எர்த் அண்ட் என்விரான்மென்ட் இதழில் முழுமையான பகுப்பாய்வை வெளியிட்டபோது, மேற்பரப்பின் உச்ச வெப்பநிலை 355 கெல்வின், அதாவது 82 டிகிரி செல்சியஸ் என்று தெரியவந்தது. அந்த அகலாங்கில் சுற்றுக்கலன்களின் தரவுகள் கூறியதோ 330 கெல்வின் அளவே. கூடுதலான 25 டிகிரிக்குக் காரணம், துழாவி இறங்கிய இடம் சூரியனை நோக்கி ஆறு பாகை சரிந்திருந்தது. அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் அப்பால், சமதளத்தில், வெப்பநிலை 332 கெல்வினாகவே பதிவானது.

ஆறு பாகை என்பது கண்ணுக்கு எளிதில் புலப்படாத சரிவு. அதற்கு இத்தனை விளைவு உண்டா என்ற ஐயத்தைப் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் மாணவரே தீர்த்துக்கொள்ளலாம். ஒரு பரப்பு வெளிவிடும் கதிர்வீச்சு அதன் தனிவெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது ஸ்டெஃபான்-போல்ட்ஸ்மன் விதி. பெற்ற ஆற்றலையே பரப்பு திருப்பி வெளிவிடுவதாகக் கொண்டால், வெப்பநிலை பெறும் ஆற்றலின் நான்காம் மூலத்தைப் பொறுத்து மாறும். விக்ரம் நின்ற அகலாங்கில் நண்பகலிலும் சூரியன் தொடுவானத்துக்கு மேலே ஏறத்தாழ 21 பாகையில்தான் நிற்கும். சமதளத்தில் பெறும் ஆற்றல் 21 பாகையின் சைன் மதிப்பையும், சரிவில் பெறுவது 27 பாகையின் சைன் மதிப்பையும் சார்ந்திருப்பதால், இரண்டின் விகிதம் 1.27, அதன் நான்காம் மூலம் 1.06, 332 கெல்வினை அதனால் பெருக்கினால் 352 கெல்வின் வருகிறது. அளந்த மதிப்பு 355. அகமதாபாத்தின் விரிவான கணினி மாதிரிகள் சென்றடைந்த இடத்துக்கு மிக அருகே, ஒரு பக்கக் கணக்கு வளவனூரின் வகுப்பறையைக் கொண்டு சேர்க்கிறது என்பது சிறிய செய்தியன்று. சூரியன் நேர் உச்சியை ஒட்டி நிற்கும் நிலநடுக்கோட்டில் இதே சரிவு ஏறக்குறைய எந்த வேறுபாட்டையும் தராது என்பதையும் அதே கணக்கு காட்டிவிடும்.

கணக்கை எதிர்த்திசையில் நடத்தினால் ஆய்வின் மிக முக்கியமான முடிவு புலப்படுகிறது. துருவத்தை நோக்கி 14 பாகை சரிந்த நிலத்தில் சூரியன் ஏழு பாகை உயரத்தில் நிற்பதற்கு ஒப்பான வெயிலே விழும். நண்பகல் வெப்பநிலை ஏறத்தாழ 254 கெல்வினாக, உறைநிலைக்கு இருபது டிகிரி கீழே இருக்கும். மண்ணின் காப்பால் அதனடியில் சில சென்டிமீட்டரிலேயே குளிர் மேலும் கடுமையாகும். இவ்வாறு 14 பாகைக்கு மேல் துருவத்தை நோக்கிச் சரிந்த உயர் அகலாங்கு நிலங்களில் ஆழமற்ற மண்ணிலேயே நீர்ப்பனி நிலைத்திருக்கக் கூடும் என்று ஆய்வாளர்கள் கூறியுள்ளனர். சந்திரயான்-1 கலத்தில் சென்ற நாசாவின் கருவி 2009இல் நிலவில் நீரின் தடயத்தைக் காட்டியது முதல், நிலைத்த பனிக்கு வெயிலே படாத துருவப் பள்ளங்களையே பெரிதும் எண்ணிவந்தனர். அங்கே இறங்குவதும் மின்னாற்றல் பெறுவதும் கடினம். வெயில் படும் சரிவுகளிலும் பனி கிடைக்குமாயின் எதிர்காலக் கலங்கள் இறங்கத்தக்க இடங்கள் பெருகும்.

பனி அங்கே உண்மையில் இருக்கிறதா என்பதை வெப்பநிலைக் கணக்கு மட்டும் சொல்லிவிடாது. அதற்குத் தோண்டிப் பார்க்க வேண்டும். இந்தியாவின் தரையிறங்கு கலமும் ஜப்பானின் உலாவியும் இணைந்து செல்லவிருக்கும் சந்திரயான்-5 திட்டத்துக்கு 2025 மார்ச்சில் இந்திய அரசு ஒப்புதல் வழங்கியுள்ளது. அதில் செல்லும் உலாவி பிரக்யானைவிடப் பல மடங்கு எடை கூடியது. பிரக்யானைப் போல மேற்பரப்பை மட்டும் சோதிக்காமல், தென்துருவப் பகுதியில் நிலத்தைத் துளையிட்டு மண்ணை எடுத்து, அதில் நீர் எவ்வளவு உள்ளது என்று அளப்பதே அதன் முதற்பணி.