சுவருக்கு அப்பால் ஒரு பெட்டி

மன்னார் வளைகுடாவில் நீருக்கடியில் உள்ள பாறைத் திட்டுகளைத் தூத்துக்குடிப் பகுதி மக்கள் ‘பார்’ என்பர். முத்துச் சிப்பிகள் விளைந்தது இப்பார்களில்தான். மேலிருந்து நோக்கினால் நீர்ப்பரப்பு ஒன்றே தெரியும். ஆயினும் மீனவர்கள் பாருக்கு நேராகப் படகைச் செலுத்துவர். கரையில் ஒரு கோபுரமும் அதற்குப் பின்னுள்ள ஒரு மேடும் ஒரே நேர்கோட்டில் தெரியவேண்டும். வேறொரு திசையில் கலங்கரை விளக்கமும் ஒரு பனங்கூட்டமும் அவ்வாறே ஒன்றன்பின் ஒன்றாக வரவேண்டும். இரு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடமே பார் இருக்கும் இடம்.

தெரிந்த இடங்களைக் கொண்டு தெரியாத இடத்தைக் காணும் இக்கலை இன்று கட்டடங்களுக்குள்ளும் வேண்டியிருக்கிறது. சாத்தான்குளத்தில் மூன்று மாடிக் கல்லூரி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அதில் கம்பியில்லா இணையத் தொடர்பு தரும் வைஃபை பெட்டிகள் பல உள்ளன. சில கூரைக்கு மேலும் சில அலமாரிக்குப் பின்னும் மறைந்திருக்கும். அவை எங்கெங்கே உள்ளன என்று ஏன் அறியவேண்டும்?

அலை எட்டாத வகுப்பறைகளைக் கண்டறிந்து சரிசெய்வது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம் பாதுகாப்பு. யாரேனும் ஒருவர் தம் வசதிக்காகக் கடையில் வாங்கிய பெட்டியைக் கல்லூரியின் இணையக் கம்பியில் செருகிவிட்டால், அதன் அலை மதிலைத் தாண்டித் தெருவுக்கும் செல்லும். வாயிலைப் பூட்டிவிட்டுச் சன்னலைத் திறந்துவைத்தது போன்றது இது. அந்தப் பெட்டியைத் தேடிக் கண்டுபிடித்து அகற்றுவதே இதற்கு மருந்து.

பெட்டி தன்னைக் காட்டிக்கொடுக்கிறது

நல்லவேளையாக, இப்பெட்டிகள் வாய்மூடி இருப்பதில்லை. ஒவ்வொன்றும் வழக்கமாக நொடிக்குப் பத்து முறை அளவில், ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று தன் அடையாள எண்ணை வானொலி அலையாக அறிவிக்கிறது. கைப்பேசி அதைக் கேட்டு, அலையின் வலிமையையும் அளந்து சொல்கிறது. இதற்கான அளவு டெசிபெல். ஒரு மில்லிவாட் ஆற்றலைச் சுழியாகக் கொண்டு, ஒவ்வொரு 10 டெசிபெல் இறங்கும்போதும் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகிறது. கைப்பேசி –40 என்று காட்டினால் வந்து சேர்ந்தது ஒரு மில்லிவாட்டில் பதினாயிரத்தில் ஒரு பங்கு. –70 என்றால் கோடியில் ஒரு பங்கு!

திறந்தவெளியில் தொலைவு இருமடங்கானால் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகும். அதாவது 6 டெசிபெல் குறையும். அப்படியானால் வலிமையைக் கொண்டு தொலைவைக் கணக்கிட்டுவிடலாமே என்று தோன்றும்.

கட்டடத்திற்குள் அது அவ்வளவு எளிதன்று. செங்கல் சுவர் அலையின் ஒரு பகுதியை விழுங்குகிறது. கான்கிரீட் இன்னும் மிகுதியாக விழுங்குகிறது. இரும்பு அலமாரி அலையைத் திருப்பியடிக்கிறது. நேரே வந்த அலையும் எதிரொளித்து வந்த அலையும் ஓரிடத்தில் கூடிப் பெருகும். சில சென்டிமீட்டர் நகர்ந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஏனெனில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர்தான். நம் உடலில் உள்ள நீரும் அலையை உறிஞ்சுவதால், கைப்பேசியைப் பிடித்தபடி நாம் திரும்பி நின்றாலே அளவு மாறும். ஆகவே ஒரே ஓர் அளவு நம்மை ஏமாற்றிவிடும். பல அளவுகளைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் உண்மை தெரியவரும்.

இரு ஆய்வுகள்

2000-ஆம் ஆண்டில் பரம்வீர் பஹ்ல், வெங்கட பத்மநாபன் என்னும் இருவர் அமெரிக்காவில் மைக்ரோசாஃப்ட் ஆய்வுக்கூடத்தில் செய்த சோதனையை வெளியிட்டனர். 43.5 மீட்டர் நீளமும் 22.5 மீட்டர் அகலமும் உள்ள ஒரு தளத்தில் மூன்று பெட்டிகளை வைத்து, 70 இடங்களில், நான்கு திசைகளில் திரும்பி நின்று வலிமையை அளந்து அட்டவணை இட்டனர். பின்னர் எங்கோ நிற்கும் ஒருவரது கருவியின் அளவை அட்டவணையோடு ஒப்பிட்டு, அவர் நிற்கும் இடத்தை ஏறக்குறைய 3 மீட்டர் பிழையுடன் கூறினர்.

ஆனால் ஒவ்வோர் அறையிலும் நின்று அளப்பது பெரும் உழைப்பு. அந்த உழைப்பைக் குறைக்கும் வழியைப் பெங்களூரில் உள்ள அதே நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் கிருஷ்ண சிந்தலபூடி, ஆனந்த் பத்மநாப ஐயர், வெங்கட பத்மநாபன் ஆகியோர் 2010-இல் காட்டினர். இம்முறையில் பெட்டிகள் இருக்கும் இடமும் தெரியவேண்டியதில்லை. அளந்தவர் நின்ற இடமும் தெரியவேண்டியதில்லை!

இது எப்படி இயலும்? கணக்கைப் பாருங்கள். ஒரு பெட்டியைப் பற்றித் தெரியாதவை நான்கு: அதன் இருப்பிடத்தைக் குறிக்கும் இரண்டு எண்கள், அது அனுப்பும் ஆற்றல், அங்கே அலை தேயும் வேகம். அளந்த இடம் ஒவ்வொன்றுக்கும் தெரியாதவை இரண்டு. 5 பெட்டிகள், 10 இடங்கள் என்றால் தெரியாதவை மொத்தம் 40. ஆனால் பத்து இடங்களிலும் ஐந்து பெட்டிகளின் அலையையும் அளந்தால் 50 சமன்பாடுகள் கிடைக்கின்றன. தெரியாதவற்றைவிடச் சமன்பாடுகள் மிகுதி. எனவே விடை காணலாம். கிடைக்கும் படம் திரும்பியோ தலைகீழாகவோ இருக்கலாம். அதை நிலைநிறுத்த, ஒரே கோட்டில் அமையாத மூன்று இடங்களேனும் தெரியவேண்டும். வாயிலிலும் சன்னலோரத்திலும் செயற்கைக்கோள் வழிகாட்டி வேலை செய்யும்போது அவை தாமாகவே கிடைத்துவிடுகின்றன. சிறிய கட்டடத்தில் 2 மீட்டர், பெரிய கட்டடத்தில் 7 மீட்டர் என்பது இம்முறையின் நடுத்தரப் பிழை.

நீங்களும் செய்து பார்க்கலாம்

ஆசிரியரின் இசைவுடன் உங்கள் பள்ளியின் தளப்படத்தைக் கட்டத்தாளில் வரையுங்கள். வலிமையை டெசிபெல்லில் காட்டும் செயலி ஒன்று போதும். ஐந்து ஐந்து மீட்டருக்கு ஓரிடமாக நின்று, நான்கு திசைகளிலும் திரும்பி அளந்து, சராசரியைக் குறியுங்கள். சம அளவுள்ள இடங்களைக் கோட்டால் இணைத்தால், நிலவியல் படத்தில் குன்றின் உயரக்கோடுகள் போல வளையங்கள் தோன்றும். வளையங்களின் உச்சியருகே பெட்டியைத் தேடலாம். மேல்மாடியிலும் அளக்க மறவாதீர். தலைக்கு நேர்மேலே உள்ள பெட்டி இத்தளத்தில் இருப்பதுபோல் தோன்றக்கூடும். ஒரே பெட்டி பல பெயர்களில் அறிவிப்பதும் உண்டு. ஏறக்குறைய ஒரே மாதிரியான எண்கள் தென்பட்டால் ஒன்றென ஐயுறலாம்.

அறிவிப்பைக் கேட்பதோடு நின்றுகொள்ளுங்கள். பிறருடைய பெட்டிக்குள் இசைவின்றி நுழைவது 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி தண்டனைக்குரியது. படம் முடிந்ததும், பள்ளி வாங்கிய பெட்டிகளின் பட்டியலோடு ஒப்பிடுங்கள். படத்தில் இருந்து, பட்டியலில் இல்லாத பெட்டி எதுவோ அதுவே முதலில் விசாரிக்கவேண்டிய பெட்டியாகும்.