விளையாட்டு வினையாகலாமா? கடிக்கும் பூனைக்குட்டியைப் பழக்குவது எப்படி?

"பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம்" என்பார்கள். எங்கள் வீட்டில் திண்டாடியது எலி அல்ல, எங்கள் கணுக்கால்கள்தான்.

கல்யாணில் ரெயில்வே குடியிருப்பில் எங்களுக்கு ஓர் அறை, ஒரு சமையல் கட்டு. சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் பார்சல் ஆபீசில் மூட்டைகளுக்கு நடுவே ஒரு பூனைக்குட்டி கத்திக்கொண்டு கிடந்தது. தாயைக் காணோம். பிறந்து 5 வாரம் இருக்கும். வீட்டில் எலித்தொல்லையாவது தீரட்டும் என்று சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொண்டு வந்தேன். என் மகள் அதற்கு "மணி" என்று பெயர் வைத்தாள்.

வேலை முடிந்து வந்ததும் பாயில் படுத்துக்கொண்டு, போர்வைக்குள் விரலை ஆட்டுவேன். மணி பாய்ந்து வந்து கவ்வும். பஞ்சு போன்ற குட்டி. பல் பட்டாலும் கிச்சுக்கிச்சு மூட்டியது போல் இருக்கும். வீடே சிரிக்கும்.

நான்கு மாதம் ஆனதும் சிரிப்பு நின்றது. கட்டிலுக்கு அடியில் பதுங்கியிருந்து காலைக் கவ்வும். தோசை சுடும்போது என் மனைவியின் சேலையில் தொங்கும். ஒரு நாள் மாலை, தூங்கி எழுந்த மகள் போர்வைக்குள் கையை அசைத்தாள். மணி பாய்ந்தது. பிஞ்சுக் கையில் நான்கு பல் பதிந்து ரத்தம் வந்துவிட்டது.

சாக்கு வந்தது

"ஏங்க, போதும். இன்னைக்கே இதைச் சாக்கில கட்டி மீன் மார்க்கெட் பக்கம் விட்டுட்டு வாங்க" என்றாள் மனைவி. பக்கத்து வீட்டு அண்ணாச்சி சாக்கையே கொண்டு வந்து கொடுத்துவிட்டார்.

முதலில் குழந்தையின் கையைச் சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் கழுவிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் காத்திருக்கவில்லை. உடனே ஊசி போட ஏற்பாடு செய்தார். பிறகு இந்தியில் கேட்டார்: "பூனை எங்கே?"

"வீட்டில் இருக்கிறது. இன்று ராத்திரி விட்டுவிடப் போகிறோம்."

"வேண்டாம். 10 நாள் அது உங்கள் கண் முன்னால் இருக்க வேண்டும்" என்றார்.

கடித்தபோது பூனையின் எச்சிலில் வெறிநோய்க் கிருமி இருந்திருந்தால், 10 நாளுக்குள் அது நோய் கண்டு இறந்துவிடும். 10 நாள் கழித்தும் நன்றாக இருந்தால் அந்தக் கடியால் வெறிநோய் பயம் இல்லை. மீதி ஊசியைப் பற்றி டாக்டர் முடிவு செய்வார். பூனையைத் தொலைத்துவிட்டால் இதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை.

அந்த 10 நாள்தான் மணியைக் காப்பாற்றியது.

குற்றவாளி யார்?

மறுநாள் மணியைக் கூடையில் வைத்து ஒரு கால்நடை டாக்டரிடம் கொண்டு போனேன். அவர் தடுப்பூசி பற்றி விசாரித்தார். அதுவரை போடவில்லை என்று தலையைச் சொறிந்தேன். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "குட்டியாக இருந்தபோது அதனோடு எதை வைத்து விளையாடினீர்கள்?"

"விரலை வைத்துத்தான்."

"அப்படியானால் கடிக்கக் கற்றுக் கொடுத்தது நீங்கள்தான்" என்றார்.

அவர் சொன்ன விவரம் இது. பூனைக்கு விளையாட்டு என்பது வேட்டைப் பயிற்சி. பதுங்குவது, பாய்வது, கவ்வுவது, பின்னங்காலால் உதைப்பது எல்லாம் எலி பிடிக்கும் பாடங்கள். கூடப் பிறந்த குட்டிகளோடு உருளும்போது, ஒன்று பலமாகக் கடித்தால் மற்றது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். தாயும் தட்டி வைக்கும். எவ்வளவு பலமாகக் கடிக்கலாம் என்ற அளவு அங்கேதான் பழகுகிறது. அதனால்தான் 8 வாரம் ஆகும் முன்பு குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது.

மணிக்கு அந்தப் பாடம் இல்லை. போதாததற்கு, மனிதன் கைதான் எலி என்று நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மூன்றரை மாதத்திலிருந்து பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கத் தொடங்கும். ஈறு ஊறும், எதையாவது கடிக்கத் தோன்றும். 6, 7 மாதத்தில் 30 பல்லும் வந்துவிடும். அதற்குள் பழக்கத்தை மாற்றுவது நல்லது.

என்ன செய்ய வேண்டும்?

முதல் விதி: கையும் காலும் விளையாட்டுச் சாமான் அல்ல. இதை வீட்டில் எல்லாரும் கடைப்பிடிக்க வேண்டும். ஒருவர் விரலை ஆட்டினாலும் மற்றவர் பட்ட பாடு வீண்.

இரண்டாவது: கைக்குப் பதில் வேறு இரை வேண்டும். காசு செலவு இல்லை. ஒரு முழக் குச்சியில் கயிறு கட்டி, நுனியில் கந்தல் துணியை முடிந்துகொள்ளுங்கள். எலி ஓடுவது போலத் தரையில் இழுங்கள், நிறுத்துங்கள், மறுபடி இழுங்கள். காலையில் 10 நிமிடம், மாலையில் 10 நிமிடம். கடைசியில் துணியைப் பிடிக்க விடுங்கள். பிடிபடாமலே விளையாட்டு முடிந்தால் அதன் வெறி அடங்காது. முடிந்தவுடன் சாப்பாடு வையுங்கள். வேட்டை, சாப்பாடு, தூக்கம் என்பதுதான் பூனையின் வரிசை.

பூனை பகலெல்லாம் தூங்கி, விடியலிலும் அந்தி நேரத்திலும்தான் துள்ளும். நாம் லோக்கல் ரெயிலில் நசுங்கி வீடு திரும்பும் அதே நேரம்! அலுப்பாக இருந்தாலும் அந்த 10 நிமிடத்தைக் கொடுத்துவிட்டால் ராத்திரி நிம்மதி.

ஓர் எச்சரிக்கை: விளையாடியதும் கயிற்றை எடுத்து மேலே வைத்துவிடுங்கள். பூனை கயிற்றை விழுங்கினால் குடலில் சிக்கி உயிருக்கே ஆபத்தாகும்.

கடித்துவிட்டால்?

கையை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. இழுத்தால் இரை ஓடுகிறது என்று இன்னும் அழுத்திக் கவ்வும், தோலும் கிழியும். அசையாமல் இருங்கள். பிடி தளர்ந்ததும் பேசாமல் எழுந்து போய்விடுங்கள். சில நிமிடம் திரும்பிப் பார்க்க வேண்டாம். கடித்தால் விளையாட்டு முடிந்தது என்பது அதற்குப் புரிய வேண்டும்.

"அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்ற பழமொழி பூனையிடம் பலிக்காது. அடித்தாலும், முகத்தில் தண்ணீர் ஊற்றினாலும் விளையாட்டுக் கடி போய்ப் பயத்தில் கடிக்கும் நிஜக் கடி வரும்.

பாயும் முன்பே பூனை அடையாளம் காட்டும். கண்மணி விரியும். காது பின்னால் மடியும். வால் தரையில் அடிக்கும். உடம்பு பதுங்கிப் பின்பக்கம் ஆடும். அப்போதே ஒரு துணிப்பந்தை வேறு பக்கம் உருட்டிவிடுங்கள். பதுங்க ஓர் அட்டைப்பெட்டி, ஏறி உட்கார பீரோ உச்சி இருந்தால் கட்டிலடிப் பாய்ச்சல் குறையும்.

ஒருபோதும் கடிக்காத பூனை திடீரென்று கடித்தால் அது விளையாட்டு அல்ல. எங்கோ வலி இருக்கும். டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அலட்சியம் வேண்டாம்

பூனைப் பல் ஊசி போன்றது. வெளியே சிறு புள்ளி தெரிந்தாலும் உள்ளே ஆழமாக இறங்கிச் சீழ் பிடிக்கும். கடியோ கீறலோ, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு எதுவும் அப்பாதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெறிநோய் அறிகுறி தெரிந்த பிறகு பிழைப்பது மிக மிக அரிது.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பயந்தே பலர் போவதில்லை. அந்தப் பழைய மருந்து இந்தியாவில் 2004-ம் ஆண்டின் இறுதியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது பெரியவர்களுக்குக் கையில் 4 அல்லது 5 தவணை ஊசிதான். காயத்தில் ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றியும் ஒரு மருந்து போடுவார்கள்.

பூனைக்கும் 3 மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். பிறகு டாக்டர் சொல்லும் தவணைகளில் போட்டு வர வேண்டும். மும்பையில் இருப்பவர்களுக்குப் பரேலில் பாய் சக்கர்பாய் தின்ஷா பெட்டிட் கால்நடை ஆஸ்பத்திரி இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்திலிருந்து நடந்து வருகிறது.

மணி என்ன ஆயிற்று?

10 நாளும் மணியைக் கவனித்தோம். ஒரு குறையும் இல்லை. மகளின் காயமும் ஆறியது. ஆனால் கடி ஒரேயடியாக நின்றுவிடவில்லை. முதல் வாரம் கணுக்காலுக்கு இரண்டு தடவை குறி வைத்தது. மூன்றாவது வாரம் கயிற்றுக் குச்சியை எடுத்தாலே வாசலில் வந்து நின்றது. இரண்டு மாதத்தில் கையைக் கண்டால் நக்க மட்டுமே பழகியது.

கடித்த குற்றத்துக்காக எத்தனை குட்டிகள் சாக்கில் கட்டப்பட்டு மார்க்கெட்டில் விடப்படுகின்றன! பழக்கியது நாம், தண்டனை அதற்கு.

அண்ணாச்சி கொடுத்த சாக்கு வீணாகவில்லை. நான்காக மடித்து அடுப்படி மூலையில் போட்டிருக்கிறாள் என் மனைவி. மணி அதில்தான் தூங்குகிறது.