கல்லூரிப் பணியாளரிடையே ஒத்தோர் குழுக்கள்

ஒரு கல்லூரியில் பேராசிரியர், நூலகர், எழுத்தர், சமையற்கூடப் பணியாளர், துப்புரவாளர் எனப் பலர் பணியாற்றுகின்றனர். இவர்களுள் இனம், மொழி, பால், உடற்குறை, படைப்பணி அனுபவம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றில் ஒத்த நிலையினர், நிறுவனத்தின் ஒப்புதலோடு தமக்கென அமைத்துக்கொள்ளும் குழுவை அமெரிக்க ஐக்கிய நாட்டில் 'அஃபினிட்டி குரூப்' என்று அழைக்கின்றனர். இக்கட்டுரையில் அதனை 'ஒத்தோர் குழு' எனக் குறிப்போம். அது தொழிற்சங்கமன்று, ஆசிரியர் பேரவையுமன்று, வெறும் நட்புக் கழகமுமன்று. அங்ஙனமாயின் அது யாது? அது யாருக்குரியது? இவ்விரு வினாக்களையும் இங்கு ஆராய்வோம்.

1. தோற்றம்

1964ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ராச்செஸ்டர் நகரில் பெருங்கலவரம் மூண்டது. கறுப்பின மக்களின் வேலையின்மையும் வீட்டு வசதியின்மையும் அதன் பின்னணியில் இருந்தன. அந்நகரத் திருச்சபைகளின் மன்றம், மக்களைத் திரட்டி அமைப்புகளாக்குவதில் பெயர்பெற்ற சால் அலின்ஸ்கியை உதவிக்கு அழைத்தது. அதன் விளைவாக 1965இல் போதகர் ஃபிராங்க்ளின் ஃபிளாரன்ஸ் தலைமையில் 'ஃபைட்' என்னும் அமைப்பு உருவாயிற்று. அந்நகரில் வேரூன்றியிருந்த ஸீராக்ஸ் நிறுவனம் கறுப்பினத்தவரைக் கூடுதலாக வேலைக்கு எடுக்க முன்வந்தது. ஆனால் வேலை கிடைத்ததோடு சிக்கல் தீர்ந்துவிடவில்லை. நல்ல விற்பனைப் பகுதிகளும் பதவி உயர்வும் தமக்கு எட்டவில்லை என்று அவர்கள் கண்டனர். 1970ஆம் ஆண்டையொட்டி அந்நிறுவனத்தில் எழுந்த கறுப்பினப் பணியாளர் குழுக்களே பிற்காலக் குழுக்களுக்கு முன்மாதிரி எனப் பொதுவாகக் கொள்ளப்படுகின்றன.

திருச்சபையிலும் இதற்கு இணையான ஒரு நிகழ்ச்சி உண்டு. அமெரிக்க மெதடிஸ்ட் சபையில் 1939 முதல் கறுப்பினச் சபைகள் தனி ஆளுகைப் பகுதியாக ஒதுக்கப்பட்டிருந்தன. 1968இல் ஐக்கிய மெதடிஸ்ட் திருச்சபை உருவானபோது அந்த ஒதுக்கல் அமைப்பு முடிவுற்றது. அதே ஆண்டில்தான் 'திருச்சபைப் புதுப்பிப்புக்கான கறுப்பின மெதடிஸ்டுகள்' என்னும் குழு தோன்றியது. பிரிவினை நீங்கிய ஆண்டிலேயே தனிக்குழு எழுந்தது முரணாகத் தோன்றலாம். எனினும், ஒதுக்கப்பட்டோர் ஒருங்கே இருந்தவரை அவர்களுக்குக் கூடும் இடம் ஒன்று இருந்தது. பெரியதோர் அமைப்பில் சிறுபான்மையராகக் கலந்தபின், அவ்விடத்தை அவர்களே உண்டாக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

கல்லூரிகளுக்கும் இது பொருந்தும். வேலையில் பாகுபாட்டைத் தடைசெய்த 1964ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் ஏழாம் பகுதி, கல்வி நிறுவனங்களின் கற்பித்தற் பணியாளரை விலக்கி வைத்திருந்தது. 1972இல் வந்த திருத்தமே அவ்விலக்கை நீக்கியது. அதன்பின் பல துறைகளில் ஒரே கறுப்பினப் பேராசிரியர், ஒரே பெண் பேராசிரியர் என்னும் நிலை உண்டாயிற்று. தம்மைப் போன்றோரைத் தம் துறையில் காணாதவர், துறை எல்லையைக் கடந்து தேடினர்.

2. இயங்கும் முறை

குழு தனக்கென விதிமுறைகளை வகுத்துப் பொறுப்பாளரைத் தேர்ந்தெடுக்கின்றது. கல்லூரி அதனை அங்கீகரித்துக் கூடுமிடமும் பெரும்பாலும் சிறு தொகையும் அளிக்கின்றது. சில கல்லூரிகளில் உயர் அலுவலர் ஒருவர் குழுவின் ஆதரவாளராக நியமிக்கப்படுகின்றார். புதிதாய் வந்தோரை வரவேற்றல், இளையோருக்கு வழிகாட்டல், குறைகளை நிர்வாகத்தின் கவனத்துக்குக் கொணர்தல் ஆகியவை அதன் பணிகள். தாய்மார் குழந்தைக்குப் பாலூட்ட ஓர் அறை, சக்கர நாற்காலி செல்லத்தக்க வாயில் போன்ற தேவைகளை முதலில் உணர்ந்து சொல்பவர் அத்தேவையை அன்றாடம் அனுபவிப்பவரே.

இக்குழுவுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. பேராசிரியரும் அலுவலரும் சமமாக அமரும் இடங்கள் கல்லூரியில் மிகச் சிலவே. ஒத்தோர் குழு அவற்றுள் ஒன்று. ஆயினும் அச்சமத்துவம் தானாக வருவதன்று. பேராசிரியர் தம் நேரத்தைத் தாமே வகுத்துக்கொள்ளலாம். மணிக்கணக்கில் ஊதியம் பெறுபவரோ மேற்பார்வையாளரின் அனுமதியின்றி வர இயலாது. நண்பகற் கூட்டம் என்று அறிவித்துவிட்டு, நண்பகலில் உணவு பரிமாறுவோர் வரவில்லையே என்று வியப்பதில் பொருளில்லை.

3. இடர்கள்

முதலாவது, சுமை. உளவியலறிஞர் அமாடோ படில்லா 1994இல் இதனைப் 'பண்பாட்டு வரி' என்னும் பொருள்படப் பெயரிட்டார். சிறுபான்மை ஆசிரியர் ஒவ்வொரு குழுவிலும் தம் இனத்தின் சார்பில் அமரவும், அவ்வின மாணவர் அனைவருக்கும் ஆலோசனை கூறவும் எதிர்பார்க்கப்படுகின்றனர். பதவி உயர்வுக்கான மதிப்பீட்டிலோ அவ்வுழைப்பு பெரும்பாலும் கணக்கில் வருவதில்லை.

இரண்டாவது, குரலின் எல்லை. முதலாளி ஆதிக்கம் செலுத்தும் தொழிலாளர் அமைப்பை 1935ஆம் ஆண்டுத் தேசியத் தொழிலுறவுச் சட்டம் தடைசெய்கின்றது. ஒரு நிறுவனம் தானே அமைத்த பணியாளர் குழுக்கள் இத்தடைக்கு உட்பட்டவை என எலக்ட்ரோமேஷன் வழக்கில் 1992இல் தொழிலுறவு வாரியம் தீர்ப்பளித்தது. ஆகவே, தனியார் கல்லூரியின் பணத்தில் இயங்கும் குழு கருத்துரைக்கலாம்; ஊதியத்தையும் வேலை நிலைமைகளையும் பற்றி நிர்வாகத்தோடு பேரம் பேசத் தொடங்கினால் அத்தடைக்கு உள்ளாகக்கூடும்.

மூன்றாவது, சமயம். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் ஒரு பணியாளர் கிறிஸ்தவக் குழுவுக்கு ஒப்புதல் கேட்டார், நிறுவனம் மறுத்தது. எச்சமயக் கருத்தையும், சமய மறுப்பையுங்கூட, அந்நிறுவனம் ஒன்றுபோல் விலக்கியதால் அதில் பாகுபாடில்லை என ஏழாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005இல் தீர்ப்புக் கூறியது. சமயக் குழுக்களை அனுமதிக்கும் நிறுவனங்களும் உள. ஒரு சமயத்துக்கு அனுமதித்துவிட்டு மற்றொன்றுக்கு மறுப்பதே சிக்கலுக்கு இடமாகும்.

4. அண்மை மாற்றங்கள்

டெக்சாஸ் மாநிலத்தில் 2023இல் இயற்றப்பட்டு 2024 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், அரசுப் பல்கலைக்கழகங்களில் பன்மைத்துவ அலுவலகங்களைத் தடைசெய்தது. 2025 மார்ச்சில் நடுவண் அரசின் சமவேலைவாய்ப்பு ஆணையம், பணியாளர் குழுக்களின் உறுப்புரிமையை ஓர் இனத்தார்க்கோ பாலார்க்கோ மட்டும் வரையறுப்பது சட்டவிரோதமாகலாம் என அறிவித்தது. எனவே 'யாவரும் வரலாம்' என்பது பண்பு மட்டுமன்று, குழுவின் பாதுகாப்புமாகும்.

முடிவுரை

நிறுவனம் கொடுத்த அறையை நிறுவனமே திரும்பப் பெறலாம் என்பதை இம்மாற்றங்கள் காட்டுகின்றன. ஆகையால் ஒரு குழுவின் தன்மையை அறிய மூன்று வினாக்கள் போதும். அதன் நிகழ்ச்சிநிரலை வகுப்பவர் யார்? அதில் உழைப்போரின் நேரம் பணிநேரமாக எண்ணப்படுகிறதா? அது எடுத்துரைத்த குறைக்கு உரிய காலத்தில் விடை கிடைக்கிறதா? அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரத்தில் கிரேக்க மொழியினரின் முறுமுறுப்புக்கு ஆறுதல்மொழி மட்டும் விடையாகவில்லை. பந்தி விசாரணைப் பொறுப்பு, கிரேக்கப் பெயர் தாங்கிய எழுவரிடம் ஒப்படைக்கப்பட்டது. கேட்பதோடு நின்றுவிடும் நிறுவனத்தில் ஒத்தோர் குழு ஓர் அலங்காரமே. கேட்டபின் பொறுப்பையும் பகிரும் நிறுவனத்தில்தான் அது உறுப்பாகின்றது.