நட்ட முடிக்கு அருவிக் குளியல் ஆகுமா?

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசிக்காரர்களுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. உச்சந்தலையில் எண்ணெயை வைத்துத் தேய்த்துக்கொண்டு அருவிக்குக் கிளம்பிவிடுவார்கள். ஊருக்கு வந்த உறவினரையும் விடமாட்டார்கள். "வாங்க மாப்பிள்ளை, தலையைக் காட்டுங்க!" என்று கையைப் பிடித்து இழுப்பார்கள்.

மாப்பிள்ளை தொப்பியைக் கழற்றாமல் ஒதுங்கி நிற்கிறாரா? இழுக்காதீர்கள். அவர் வழுக்கையில் புதிதாக முடி நட்டிருக்கலாம்!

நாற்று நடுவது போல

ஆண்களின் வழுக்கை பெரும்பாலும் பரம்பரையாக வருவது. முன்தலையும் உச்சியும் சொட்டை ஆனாலும் பின்னந்தலை முடி உதிராமல் நிற்கும். அதை வேரோடு எடுத்துச் சொட்டையான இடத்தில் நடுகிறார்கள். 1939-ல் ஜப்பான் டாக்டர் ஒகுடா இப்படி முடி நட்டு எழுதி வைத்தார். 1952-ல் நியூயார்க்கில் ஓரன்ட்ரைக் என்ற டாக்டர் வழுக்கைக்கு இதைச் செய்தார். இன்று ஊருக்கு ஊர் விளம்பரம் தொங்குகிறது.

விளம்பரத்தில் முடி மட்டும்தான் தெரியும். நட்ட பிறகு படும் பாடு தெரியாது.

இரண்டாம் மூன்றாம் நாளில் நெற்றி வீங்கும். வீக்கம் இறங்கிக் கண் இமை வரை வரும். தலை மரத்துப் போகும், அரிக்கும். நட்ட இடமெல்லாம் சிறு சிறு பொருக்குத் தட்டும். இவை தானாகவே அடங்கும். பொருக்கு இரண்டு வாரத்துக்குள் உதிர்ந்துவிடும். மரமரப்பு போகச் சில மாதம்கூட ஆகலாம்.

அதன் பிறகுதான் பலர் அழுதுவிடுகிறார்கள். நட்ட முடியே கொட்டத் தொடங்கும்! பயப்பட வேண்டாம். வயலில் நட்ட நாற்று முதலில் வாடி, பிறகு பச்சை பிடிப்பதில்லையா? அதே கதைதான். வேர் உள்ளே இருக்கிறது. மூன்று, நான்கு மாதத்தில் முளைக்கத் தொடங்கும். முழுப்பலன் தெரிய ஒரு வருடம் ஆகும்.

அருவி என்ன செய்யும்?

பேரருவித் தண்ணீர் நடுவில் பொங்குமாகடல் பள்ளத்தில் விழுந்து வேகம் குறைந்துதான் கீழே வருகிறது. அப்படியும் தலையில் மத்தளம் கொட்டுவது போல அடிக்கிறது. நட்ட முடி பிடித்து நிற்கப் பத்து நாள் வேண்டும். அதற்குள் அருவியில் நின்றால் முடியும் போகும், காசும் போகும். ஒரு மாதம் கழித்து, டாக்டரைக் கேட்டுக்கொண்டு போவது நல்லது. எண்ணெய்த் தேய்ப்புக்கும் இதே சட்டம்தான். நகத்தால் சொறியக் கூடாது. உச்சி வெயிலும் சிகரெட்டும் மதுவும் ஆகாது.

காய்ச்சல் வந்தாலோ, சீழ் பிடித்தாலோ, சிவப்பு பரவினாலோ, தோல் கறுத்தாலோ ஒரு நாளும் தாமதிக்காமல் டாக்டரிடம் ஓட வேண்டும். மூச்சு வாங்கினால் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிதான்.

உயிரே போயிற்று

2016 மே மாதம் சென்னையில் முடி நட்டுக்கொண்ட இளைஞர் ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போயிற்று. வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். இரண்டே நாளில் இறந்துவிட்டார். அவரே ஒரு மருத்துவக் கல்லூரி மாணவர்! முடி நட்ட இடமோ, சலூன் நடத்த உரிமம் வாங்கிய இடம்.

இப்படி நடப்பது அபூர்வம்தான். ஆனால் மரத்துப்போகப் போடும் ஊசி மருந்துக்கு அளவு உண்டு. உடம்பு எடை பார்த்துத்தான் போட வேண்டும். மருந்து சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அந்த நேரத்தில் காப்பாற்றத் தெரிந்த டாக்டர் பக்கத்தில் இருக்க வேண்டும். பிராண வாயுவும் இருக்க வேண்டும்.

2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் இதற்கு விதிமுறை வெளியிட்டது. உரிய பயிற்சி பெற்ற தோல் டாக்டரோ அறுவை சிகிச்சை டாக்டரோதான் இதைச் செய்ய வேண்டும். இணையத்தில் படம் பார்த்துக் கற்றது போதாது. ஆகவே முன்பணம் கட்டுமுன் கேளுங்கள்: "ஊசி போடுவது யார்? முடி நடுவது யார்? அவர் என்ன படித்தவர்?" கேட்பதற்கு வெட்கம் எதற்கு? நம் தலை அல்லவா!

மாப்பிள்ளைக்கு இந்த வருடம் வேடிக்கைதான். அடுத்த சாரலுக்கு வரட்டும். தாராளமாகத் தலையைக் காட்டலாம்.