ஒரு மடைக்காகத் தலைமதகை மூடிய கதை

2012ஆம் வருஷம் மே மாதத்தில் ஒரு நாள் மாலை, கம்பம் பேருந்து நிலையத்துக்கு அருகே மாடிப்படிக்கட்டின் கீழ் ஒடுங்கிக் கிடந்த பிரவுசிங் சென்டர் ஒன்றில், மின்வெட்டு முடிந்து விசிறி மறுபடி சுழலத் தொடங்கிய வேளையில், கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்துவந்த இளைஞர் ஒருவர், தாம் எடுத்த பன்னிரண்டு நிமிஷக் குறும்படத்தைச் சென்னையிலுள்ள ஓர் உதவி இயக்குநருக்குக் காட்டும் பொருட்டு விமியோ என்னும் தளத்தைத் திறந்தார். படம் வரவில்லை. நீதிமன்ற உத்தரவின்படி இந்தத் தளம் தடுக்கப்பட்டிருக்கிறது என்ற பொருளில் ஒற்றை வரி ஆங்கில வாசகம் மட்டும் வெள்ளைத் திரையில் நின்றது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "கோர்ட்டு வரைக்கும் போற அளவுக்கு நான் என்னண்ணே செஞ்சுட்டேன்?" என்று கேட்டபோது, எனக்கும் பதில் தெரியவில்லை.

பதில் சில நாட்களில் பத்திரிகைகள் மூலம் தெரிந்தது. அந்த வருஷம் மார்ச் 30ஆம் தேதி வெளியான '3' என்ற திரைப்படத்தின் திருட்டுப் பிரதிகள் இணையத்தில் பரவாதபடி காக்க வேண்டி, அதைத் தயாரித்த ஆர்.கே. புரொடக்ஷன்ஸ் நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை பெற்றிருந்தது. பிரதிவாதிகளாக இணையச் சேவை தரும் நிறுவனங்களும், அவற்றோடு பெயரோ ஊரோ தெரியாத எதிர்காலத் திருடர்களும் சேர்க்கப்பட்டிருந்தார்கள். இப்படிப்பட்ட முகமற்ற பிரதிவாதியை மேல்நாட்டார் 'ஜான் டோ' என்பார்கள். நம் நாட்டு வழக்குமன்றங்களில் அவருக்கு 'அசோக் குமார்' என்று நாமகரணம் ஆகியிருக்கிறது. 'தம்மு' என்ற தெலுங்குப் படத்துக்கும் இத்தகைய உத்தரவு பெறப்பட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு தளங்களின் பட்டியல் ஒன்று சேவை நிறுவனங்களுக்குச் செல்ல, அவற்றுள் சில, எந்தப் பக்கத்தில் படம் இருக்கிறது என்று ஆராயும் சிரமத்தை மேற்கொள்ளாமல், விமியோ, டெய்லிமோஷன், பேஸ்ட்பின், பைரேட் பே என்று தளம் தளமாக அடைத்துவிட்டன.

இதில் நடந்த பிழை இன்னதென்று விளக்க எங்கள் பள்ளத்தாக்கில் பாடப் புத்தகம் வேண்டியதில்லை. தேக்கடி ஷட்டரில் திறக்கும் பெரியாறு நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே லோயர் கேம்ப்பில் இறங்கி, மின்சாரம் தந்துவிட்டு, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து பதினாலாயிரத்துச் சொச்சம் ஏக்கரில் இருபோக நெல்லை விளைவிக்கிறது. வழியில் எவனோ ஒருவன் திருட்டு மோட்டார் வைத்து நீரை உறிஞ்சுவதும் உண்டு. அவனைப் பிடிக்க வேண்டும், அவன் மோட்டாரைப் பிடுங்க வேண்டும் என்பதில் இரண்டாம் அபிப்பிராயம் இல்லை. ஆனால் அவனொருவன் பொருட்டுத் தேக்கடி ஷட்டரையே இறக்கிவிடுங்கள் என்று எந்த விவசாயியும் மனுக் கொடுத்ததில்லை. இணையத்தில் ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு கட்டுரைக்கும் தனித்தனி முகவரி உண்டு. அந்த ஒரு முகவரியை மறைப்பது மடையை அடைப்பது போல. தளத்தின் பெயரையே தேடினாலும் கிடைக்காதபடி செய்வது தலைமதகை மூடுவது போல. சேவை நிறுவனத்துக்கு இரண்டாவது காரியம்தான் சுலபம் என்பதே இந்த விவகாரத்தின் மூலகாரணம்.

தடை கேட்ட '3' படத்தின் சரித்திரமே சற்று விசித்திரமானது. அதன் 'கொலவெறி' பாட்டு, முதலில் முற்றுப்பெறாத பிரதியாக இணையத்தில் கசிந்து, பிறகு 2011 நவம்பர் 16ஆம் தேதி முறைப்படி வெளியிடப்பட்டு, தமிழே அறியாத தேசங்களில் எல்லாம் பாடப்பட்டதற்கு, விளம்பரச் செலவும் விநியோகஸ்தர்களும் மட்டுமே காரணமல்ல. யாரும் யாருக்கும் அனுப்பலாம் என்ற இணையத்தின் தாராள குணமே முக்கிய காரணம். அந்தக் குணத்தால் புகழ் பெற்ற படமே சில மாதங்களுக்குள் இணையத்தின் கதவை அடைக்கவும் நிமித்தமாயிற்று. தயாரிப்பாளர் குடும்பத்தலைவர் கஸ்தூரிராஜா தேனி மாவட்டத்துக்காரர் என்பதால், ஒரே மாவட்டத்தில் பிறந்து சினிமா ஆசையில் வளர்ந்த இருவர், ஒருவர் தடை கேட்டவராகவும் மற்றவர் தடைபட்டவராகவும் ஆனதை அந்த மாடிப்படிக்குக் கீழே நான் பிரத்தியட்சமாகக் கண்டேன். தயாரிப்பாளரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடன் வாங்கி எடுத்த படம் வெளியான வாரத்திலேயே நடைபாதையில் திருட்டு வி.சி.டி.யாக விற்கப்படுவதைப் பார்த்து வயிறெரிந்தவர்கள் எத்தனையோ பேர். இந்தக் குற்றத்தைக் குண்டர் தடுப்புச் சட்டத்தின் கீழேயே 2004இல் நம் சர்க்கார் கொண்டுவந்தது என்றால் உபத்திரவத்தின் அளவை ஊகித்துக்கொள்ளலாம்.

விமியோ அடைபட்ட 2012ஆம் வருஷத் தொடக்கத்திலேயே அமெரிக்காவில் இந்தத் தடை விவகாரத்தின் பெரிய பதிப்பு ஒன்று அரங்கேறியிருந்தது. திருட்டுப் பிரதிகளை ஒழிப்பதற்கென்று சோபா, பிபா என்ற இரு மசோதாக்கள் அந்நாட்டுக் காங்கிரஸில் வர, அவை நிறைவேறினால் குற்றம் நிரூபணமாகுமுன் தளங்களே மறைந்துபோகும் என்று அஞ்சியவர்கள், 2012 ஜனவரி 18ஆம் தேதி ஆங்கில விக்கிபீடியாவை ஒரு நாள் முழுவதும் இருளடித்து வைத்தார்கள். கூகிள் தன் பெயரின் மேல் கறுப்புப் பட்டை போட்டது. அதன் மனுவில் எழுபது லட்சம் பேருக்கு மேல் ஒப்பமிட்டார்கள். இரண்டே நாளில் மசோதாக்கள் பரணில் ஏறின. கடையடைப்பு என்ற நம் பழைய ஆயுதமே அது. கடை மட்டும்தான் புதியது.

இங்கே நடந்த எதிர்ப்பு அவ்வளவு ஒழுங்காக இல்லை. 'அனானிமஸ்' என்ற பெயரில் இயங்கியவர்கள் மே மாதத்தில் உச்ச நீதிமன்றத்தின் தளத்தையும் காங்கிரஸ் கட்சியின் தளத்தையும் சிறிது நேரம் செயலிழக்கச் செய்தார்கள். தடையை எதிர்ப்பவன் தானே ஒரு தளத்தைத் தடுப்பது என்ன நியாயமென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஜூன் 9ஆம் தேதி மும்பை, தில்லி முதலிய நகரங்களில் இளைஞர்கள் முகமூடி அணிந்து வீதிக்கு வந்தார்கள். அது மேலான வழி. சூழ்ச்சிச் சிரிப்பும் முறுக்கு மீசையுமாக, 'கை ஃபாக்ஸ்' என்று அழைக்கப்படும் அந்த முகமூடியின் உருவ உரிமை, சோபாவை ஆதரித்த பெரிய திரைப்பட நிறுவனம் ஒன்றிடமே இருந்தது என்பதும், முறையாக விற்ற ஒவ்வொரு முகமூடிக்கும் அதற்குப் பங்கு சேர்ந்தது என்பதும், எழுதுகிறவனுக்குக் கடவுள் தானாகவே அனுப்பிவைக்கும் வேடிக்கைகளில் ஒன்று.

சேவை நிறுவனங்கள் நீதிமன்றத்தை அணுகியதன் பேரில், ஜூன் 22ஆம் தேதி உயர் நீதிமன்றம் தன் உத்தரவைத் தெளிவுபடுத்திற்று: தடை, படம் வைக்கப்பட்டுள்ள குறிப்பிட்ட முகவரிக்கே உரியது, தளம் முழுமைக்கும் அல்ல, அந்த முகவரிகளை மனுதாரரே நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். மடையை அடையாளம் காட்டும் பொறுப்பு இவ்வாறு வயல்காரரிடமே வந்தது. அதற்கு முந்தின நாள், ஜூன் 21 அன்று, பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் தம் படைப்பின் வருமானத்தில் விட்டுக்கொடுக்க முடியாத பங்கைத் தரும் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம் அமலுக்கு வந்திருந்தது. பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜாவின் பாட்டைத் தேநீர்க் கடையில் தினமும் கேட்டு வளர்ந்த எங்கள் ஊர் ஜனங்களுக்கு, பாட்டுக்கும் சொந்தக்காரர் உண்டு என்ற விஷயமே அதன் பிறகு வந்த வழக்குகளால்தான் உறைத்தது.

இவ்வளவும் சொல்லிவிட்டு எங்கள் பள்ளத்தாக்கு என்றுமே சுதந்திரத்தின் பக்கம் நின்றது என்று எழுதினால், அது பொய்யாகும். 2011 நவம்பரில் 'டேம் 999' என்ற படத்தைத் தமிழக அரசு தடை செய்தபோது, கம்பத்தில் ஆக்ஷேபணை சொன்னவர் ஒருவரையும் நான் பார்க்கவில்லை. அணை உடைந்து ஊர் அழியும் கதை அது. முல்லைப் பெரியாறு அணை உடைந்துவிடும் என்ற பீதியை அண்டை மாநிலத்தில் கிளப்புவதற்கான பிரசாரம் அதுவென்று இங்கே எல்லோரும் நம்பினார்கள். அடுத்த மாதமே விவசாயிகளும் மாணவர்களும் பெண்களுமாக ஆயிரக்கணக்கில் குமுளி எல்லையை நோக்கி நடந்தார்கள். கடைக்குக் கடை பென்னிகுவிக்கின் படம் மாட்டியிருக்கும் ஊரில், அவர் கட்டிய அணை திரையில் உடைவதைப் பார்த்துவிட்டு அமைதியாக விமரிசனம் எழுதுவோம் என்று எவர் எதிர்பார்ப்பார்? நானும் அன்று அந்தத் தடையை மனத்துக்குள் வரவேற்றவன்தான். ஆறு மாதம் கழித்து விமியோவின் வெள்ளைத் திரைக்கு முன் நின்றபோது, பார்க்காத படத்துக்குத் தீர்ப்புச் சொன்ன என் பழைய அவசரம் நினைவுக்கு வந்தது. தண்ணீர் எங்கள் உயிர் என்பது மெய். அதற்காக ஒரு படத்தைப் பார்க்கவே கூடாதென்பது சரியா என்ற கேள்விக்கு இன்னும் முழு மனத்தோடு என்னால் விடை சொல்ல முடியவில்லை.

தடையும் திருட்டுத் தடுப்பும் ஒரே மசோதாவில் கைகோத்து வந்த சந்தர்ப்பம் 2021இல் நேர்ந்தது. அவ்வருஷம் ஜூன் 18ஆம் தேதி மத்திய அரசு வெளியிட்ட ஒளிப்பதிவுச் சட்டத் திருத்த வரைவு, திரையரங்கில் படத்தைக் களவாகப் பதிவு செய்வோருக்குச் சிறைத் தண்டனை விதித்ததோடு, தணிக்கைச் சான்று பெற்ற படத்தையும் மறுபரிசீலனைக்குத் திருப்பியனுப்பும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது. அத்தகைய அதிகாரம் செல்லாதென்று 2000இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. கருத்துச் சொல்ல ஜூலை 2 வரை, பதினான்கு நாள் மட்டுமே அவகாசம். ஊரடங்குக் காலமாதலால் ஊர்வலத்துக்கும் வழியில்லை. ஆகவே எதிர்ப்பு முழுவதும் இணையத்தில் எழுந்தது. திரைக் கலைஞர்கள் கூட்டாகக் கடிதம் எழுதி ஒப்பம் திரட்டினார்கள், கமல்ஹாசனும் சூர்யாவும் பகிரங்கமாகக் கண்டித்தார்கள், முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் வரைவைக் கைவிடக் கோரி மத்திய அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். 2023 ஆகஸ்டில் சட்டம் ஆனபோது, களவுப் பதிவுக்கு மூன்று மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறையும், மூன்று லட்சம் ரூபாய் தொடங்கித் தயாரிப்புச் செலவில் நூற்றுக்கு ஐந்து வரை அபராதமும் அதில் இருந்தன. மறுபரிசீலனை அதிகாரம் இல்லை. களையைப் பயிரிலிருந்து பிரித்துவிட முடியும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இடையே 2022இல் 'பொன்னியின் செல்வன்' வெளியாகுமுன் 2,405 இணையதளங்களைத் தடுக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தில் உத்தரவு பெறப்பட்டது. அன்று முகமூடி அணிந்தவர் ஒருவருமில்லை; எந்தத் தளமும் இருளவில்லை. தடுக்கப்பட்டவை பெரும்பாலும் திருட்டுத் தளங்களாகவே இருக்கலாம். என்றாலும், அந்தச் செய்தியைப் படித்த வாரத்தில், இப்போது உத்தமபாளையத்தில் ஆல்பம் கடை வைத்திருக்கும் அந்தப் பழைய இளைஞரைப் பார்க்கப் போனேன். தலையில் நரை விழுந்திருந்தது. கல்யாண ஆல்பம் ஒன்றுக்கு அட்டை ஒட்டிக்கொண்டே அந்தத் தளங்களின் எண்ணிக்கையை நான் சொல்லக் கேட்டவர், பசைக் கையைத் துடைத்துவிட்டுக் கால்குலேட்டரை எடுத்தார்.

"பக்கத்துக்கு நாப்பது வரின்னு வச்சாலும் அறுபது பக்கத்துக்கு மேல போகுதேண்ணே. அதுல ஒவ்வொண்ணையும் யாராச்சும் தொறந்து பாத்திருப்பாங்களா?"