வளைந்த விரல்கள், வளையாத நம்பிக்கை

"நான் ஆருக்கு என்னங்க கெடுதல் பண்ணினேன்? எனக்கு எதுக்குங்க டாக்டர் இந்த நோவு?"

முடக்குவாதச் சிகிச்சைக்காக அன்னூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மையார் என்னிடம் இவ்வாறு கேட்டார். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரம் வரை அவரால் விரல்களை மடக்க இயலவில்லை. மாட்டில் பால் கறக்க முடியவில்லை. ஆயினும் வலியைக் காட்டிலும், தாம் ஏதோ பாவம் செய்துவிட்டோம் என்னும் எண்ணமே அவரை மிகுதியாக வாட்டியது.

முடக்குவாதம் தண்டனையன்று. கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் எதிர்ப்பாற்றல், மூட்டுகளின் உட்சவ்வையே தாக்குவதால் வரும் நோய் அது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. இவ்விடை, நோய் எவ்வாறு வந்தது என்பதை விளக்கும். இனி எவ்வாறு வாழ்வது என்னும் கேள்வி அப்போதும் எஞ்சி நிற்கும். அதற்கு விடையாக நான் ஒரு மருத்துவரின் வாழ்க்கையைச் சொல்வதுண்டு.

நம் அவினாசி சாலையில் 1997 முதல் இயங்கிவரும் அரவிந்த் கண் மருத்துவமனையைக் கோவையில் அறியாதவர் இலர். அந்நிறுவனத்தைத் தோற்றுவித்த டாக்டர் கோ. வெங்கடசாமி 1918இல் பிறந்தவர். உறவுப் பெண்கள் மூவர் பேறுகாலத்தில் இறந்ததைக் கண்ட அவர், மகப்பேறு மருத்துவராக விரும்பினார். 1944இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, இராணுவ மருத்துவப் பணியில் சேர்ந்தார். முப்பது வயதில் கடுமையான முடக்குவாதம் அவரைத் தாக்கியது. நீண்ட காலம் படுக்கையில் கிடந்தார். விரல்கள் நிலையாகவே வளைந்துபோயின. இராணுவப் பணியும் மகப்பேறு மருத்துவராகும் கனவும் ஒருங்கே முடிந்தன.

எழுந்து நடமாடத் தொடங்கியபின் கண் மருத்துவம் பயின்றார். அந்த விரல்களுக்கு ஏற்ற கருவிகளைக் கொண்டு, கண்புரை அறுவைச் சிகிச்சையைப் பொறுமையோடு பழகினார். வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைச் சிகிச்சைகளைச் செய்தார். அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற 1976இல், மதுரையில் 11 படுக்கைகளோடு கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தாம் வழிகாட்டியாகக் கொண்ட ஸ்ரீ அரவிந்தரின் பெயரையே அதற்கு இட்டார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அவர் நம்பிக்கை கொண்டதால் விரல்கள் நிமிர்ந்துவிடவில்லை. 2006இல் மறையும்வரை அவை வளைந்தே இருந்தன. தியானமும் வழிபாடும் அவருக்கு நோயை நீக்கித் தரும் பேரமாக இருக்கவில்லை. எஞ்சியிருந்த ஆற்றலைப் பிறர்க்குப் பயன்படுத்தும் வழியாக அமைந்தன.

துன்பப்படுவோர் யாவரும் இவ்வாறு பக்குவம் அடைய வேண்டும் என்று நான் கூறவில்லை. வலியில் இருப்பவரிடம், "எல்லாம் நன்மைக்கே" என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. அழுவதும், இறைவனிடம் கோபித்துக்கொள்வதும்கூட நம்பிக்கையின் குறைவல்ல. குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: நோயாளியின் வினைப்பயனைப் பற்றிப் பேசாதீர்கள். அருகில் அமர்ந்து, சட்டைப் பொத்தானை மாட்டிவிடுவதே அவ்வேளையில் பெரிய ஆறுதல்.

மருதமலைக்கு வேண்டிக்கொள்வதையும், தேவாலயத்திலோ தர்காவிலோ மன்றாடுவதையும் நாங்கள் தடுப்பதில்லை. ஆனால் விரதத்துக்காக மருந்தை நிறுத்த வேண்டாம். ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வாரம் ஒருநாள் மட்டுமே உட்கொள்ள வேண்டும். நாள்தோறும் உட்கொண்டால் பெருந்தீங்கு விளையும். விரதம் இருக்க விரும்பினால் முன்னதாகவே மருத்துவரிடம் கூறுங்கள். வெங்கடசாமியின் இளமைக்காலத்தில் இன்றுள்ள மருந்துகள் இல்லை. இன்று தொடக்கத்திலேயே சிகிச்சை பெற்றால், பெரும்பாலோர்க்கு விரல்கள் வளையாமல் காக்க முடியும்.

அந்த அம்மையார் சில மாதங்களுக்குப்பின் வந்தார். வீக்கம் குறைந்திருந்தது, வலி முற்றிலும் போகவில்லை. பால் கறப்பதை மகன் பார்த்துக்கொள்கிறாராம். "இப்பெல்லாம் எனக்கு ஏன் குடுத்தேன்னு சாமிகிட்ட கேக்கறதில்லீங்க. இன்னைக்குப் பொழுதுக்கு வலு குடுன்னு கேக்கறேனுங்க" என்றார்.

அவ்வளவில் அவர் முகம் தெளிந்திருந்தது. மருந்துச் சீட்டை எழுதிக் கொடுத்தேன்.