தப்பொலியும் கணினியும்

கல்லூரி நாடகமோ குறும்படமோ எதைச் செய்தாலும் பின்னணி இசை தேவைப்படுகிறது. இன்று ஒரு மடிகணினி இருந்தால் அதை வீட்டிலேயே அமைத்துவிடலாம். மேளத்தின் ஒவ்வோர் அடியையும் தனித்தனியே பதிவுசெய்து கோப்புகளாக விற்கிறார்கள், இலவசமாகவும் தருகிறார்கள். அந்தச் சிறு ஒலித்துண்டுக்குச் ‘சாம்பிள்’ என்று பெயர். உண்மையான ட்ரம் ஒலிகளை இவ்வாறு பதிந்துவைத்து இசைத்த முதல் இயந்திரம், ரொஜர் லின் என்ற அமெரிக்கர் 1980இல் வெளியிட்ட எல்.எம்.-1.

ஆனால் நமது நாடகம் தோட்டத்து வாழ்க்கையைப் பற்றியது என்றால் தப்பு ஒலி வேண்டுமே! ‘இந்திய மேளம்’ என்ற பெயரில் வரும் தொகுப்புகளைத் திறந்தால் தபேலாவும் டோலக்கும்தான் முன்னே வந்து நிற்கின்றன. தப்பு வேறு. வட்டமான மரச்சட்டத்தில் ஒருபுறம் மட்டும் தோலை இழுத்து ஒட்டியிருப்பார்கள். ஒரு கையில் மெல்லிய நீளக்குச்சி, மறுகையில் தடித்த குட்டைக்குச்சி. மலைநாட்டு மழையிலும் பனியிலும் தோல் ஈரத்தை உறிஞ்சித் தொய்ந்துவிடும். ஆகவேதான் அடிக்குமுன் தீயில் காய்ச்சுகிறார்கள். காய்ச்சியதும் தோல் இறுகி ஒலி கணீரென்று உயரும். நேரம் போகப்போக மீண்டும் இறங்கும். ஒரே தப்புக்கு ஒரே குரல் இல்லை.

தாளமும் ஒன்றல்ல. தொழிலாளரைக் காலையில் பிரட்டுக்கு அழைத்த அடி வேறு, மாசியில் காமன் கூத்துக்கு அடிப்பது வேறு, சாவு வீட்டில் அடிப்பது வேறு. இது தெரியாமல் துண்டுகளைக் கோத்தால் கல்யாணக் காட்சியில் சாவு மேளம் ஒலிக்கும். முன்வரிசையில் இருக்கும் தோட்டத்துப் பெற்றோர் என்ன நினைப்பார்கள்?

எந்தச் சாம்பிளானாலும் கைத்தொலைபேசியின் ஸ்பீக்கரில் கேட்டு முடிவுசெய்ய வேண்டாம். அடித்தொனி அதில் கேட்காது. ஹெட்போனில் கேளுங்கள். ஒரே அடியை மெதுவாக, நடுத்தரமாக, பலமாக என்று பலமுறை பதிந்த தொகுப்பே நல்லது. ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப ஒட்டினால் தையல் இயந்திரம் ஓடுவதுபோல் இருக்கும். எம்.பி.3 கோப்பைவிட வேவ் கோப்பு மேல். உரிமக் குறிப்பையும் வாசியுங்கள்: சில ஒலிகளை எப்படியும் பயன்படுத்தலாம், சிலவற்றுக்குப் பதிந்தவரின் பெயரைக் குறிப்பிட வேண்டும், சிலவற்றை வணிகத்துக்குப் பயன்படுத்தக்கூடாது.

உரிமம் வெறும் சட்டப் பேச்சல்ல. 1969இல் ‘த வின்ஸ்டன்ஸ்’ என்ற அமெரிக்கக் குழுவின் ‘ஆமென், பிரதர்’ என்ற இசைத்தட்டில் கிரெகரி கோல்மன் சில விநாடிகள் தனியாக ட்ரம் வாசித்தார். அந்தச் சில விநாடிகளை வெட்டியெடுத்து ஆயிரக்கணக்கான பாடல்களில் சேர்த்தார்கள். 2006இல் இறந்த கோல்மனுக்கு அதற்காக ஒரு சதம்கூட உரிமப்பணம் கிடைக்கவில்லை.

நம் தோட்டங்களில் தப்படிப்பவர்களுக்கும் இது நேரலாம். கூலியும் மதிப்பும் குறைவாகவே பெற்றுவந்த கலைஞர்கள் அவர்கள். எனவே தப்புச் சாம்பிள் தேடுபவர்கள் முதலில் பக்கத்துத் தோட்டத்தில் விசாரிப்பது நல்லது. மழையில்லாத நேரமாகப் பாருங்கள். தகரக் கூரையில் மழை விழுந்தால் பதிவு வீண். தொலைபேசியைத் தப்புக்கு மிக அருகில் பிடித்தால் ஒலி உடையும். ஏழெட்டு அடி தள்ளி வையுங்கள். காய்ச்சிய உடனே ஒருமுறை, சற்றுப் பொறுத்து ஒருமுறை பதியுங்கள். ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் துண்டு துண்டாக வெட்டிக்கொள்ளலாம்.

எதற்காகப் பதிகிறோம், எங்கே ஒலிக்கும் என்பதை முன்பே அந்த ஐயாவிடம் சொல்லிச் சம்மதம் கேளுங்கள். அன்றைய கூலியைக் கையில் கொடுங்கள். நிகழ்ச்சி நிரலில் ‘தப்பு’ என்று எழுதி, எதிரே அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் அச்சிடுங்கள்.